கிளியர் வார்னிஷை எதில் கரைப்பது?

பிளாஸ்டிக் மாடல் கெடுவது பெரும்பாலும் முடியும் தறுவாயில்தான். ஒட்டும்போது கோணினால் பிரித்து ஒட்டலாம். வர்ணம் வழிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடிக்கலாம். ஆனால் டீக்கால் என்னும் ஒட்டுப்படங்களையெல்லாம் ஒட்டி முடித்து, மூன்று மாத வேலையின் மேல் கடைசியாக ஒரு கை கிளியர் வார்னிஷ் அடிக்கும்போது தப்பினால், அதற்குக் கீழே இருக்கும் அத்தனையும் சேர்ந்து போகும்.

அப்படி நான் பலி கொடுத்த முதல் மாடல் ஒரு 1/72 நாட் விமானம். 1965 போரில் இந்திய விமானப் படைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அதே குட்டி ஜெட். முடித்தால் உள்ளங்கை அளவுதான் இருக்கும். வெள்ளி அடித்து, மூவர்ண வட்டங்களை ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டு, கிளியர் கெட்டியாக இருக்கிறதே என்று பெயின்ட் கடைக்குப் போய், "அக்ரிலிக்குக்குத் தின்னர் குடுங்கண்ணே" என்று கேட்டேன். கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. மரவேலைக்காரர்கள் வாங்கிப்போகும் என்.சி. தின்னரை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். கோப்பையில் கலந்தபோது ஏதோ கலந்த மாதிரிதான் இருந்தது. அடித்து அரை நிமிடத்துக்குள் வட்டங்கள் வெயிலில் போட்ட வாழையிலை மாதிரிச் சுருண்டன. பிறகு இறக்கையின் பிளாஸ்டிக்கே சுருக்கம் விழ ஆரம்பித்தது.

நான் கேட்ட கேள்வியிலேயே கோளாறு இருந்தது. அக்ரிலிக் என்றால் ஏதோ ஒரே பொருள் என்று நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அக்ரிலிக் என்பது பிசினின் பெயர் மட்டுமே. அந்தப் பிசின் எந்தத் திரவத்தில் கிடக்கிறது என்பதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறப்பதில்லை. ஓவியர்களுக்கென்று அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியில் வந்த மேக்னா என்ற அக்ரிலிக் வர்ணம் டர்பன்டைனில் கரைவது. தண்ணீரை அதில் ஊற்றினால் ஒட்டவே ஒட்டாது. தண்ணீரில் கலக்கும் லிக்விடெக்ஸ் 1955-இல் வந்தது. இரண்டும் அக்ரிலிக், இரண்டும் ஓவியர்களுக்கானவை, ஒன்றின் தின்னர் மற்றதற்கு விஷம். மாடல் கடையில் வரிசையாக நிற்கும் குப்பிகளின் கதையும் இதுவேதான்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். இந்தப் பிசினை இப்போது தாங்கிக்கொண்டிருக்கும் திரவம் எது? அடித்த பிறகு அந்தத் திரவம் எவ்வளவு வேகத்தில் ஆவியாக வேண்டும்? முதல் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னால் மாடல் போய்விடும். இரண்டாவதற்குத் தப்பாகச் சொன்னால் மாடல் பிழைக்கும், ஆனால் பார்க்கச் சகிக்காது.

மூன்று குடும்பங்கள்

முதல் குடும்பம் தண்ணீர்க் குடும்பம். இதைப் புரிந்துகொள்ள வீட்டில் இருக்கும் ஃபெவிகால் போதும். டப்பாவில் பால் வெள்ளை, காய்ந்தால் கண்ணாடி. ஃபெவிகாலில் பிசின் கரைந்து கிடக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் போனதும் உருண்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி, நசுங்கி, ஒரே படலமாகச் சேர்ந்துவிடுகின்றன. அதில் பிசின் வேறு, இந்தக் குடும்பத்து வார்னிஷில் அக்ரிலிக். நடக்கும் கூத்து ஒன்றே. நாம் வல்லேஜோ என்று படிக்கிற, ஸ்பெயின்காரர்கள் வேறு எப்படியோ உச்சரிக்கிற அந்தக் கம்பெனியின் வார்னிஷ்கள் இந்தக் குடும்பம். ஓவியக் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் வார்னிஷ்களில் பெரும்பாலானவையும் இதில்தான் சேரும். சொட்டு விட்டுப் பார்த்தால் பால் நிறம் தெரியும். வாசனை லேசாகத்தான் இருக்கும். ஒருமுறை காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரில் கரையாது. ஏர்பிரஷ் முனையில் காய்ந்து அடைத்துக்கொண்டு நம் உயிரை எடுப்பதும் இதனால்தான்.

இரண்டாவது, ஆல்கஹால் குடும்பம். டாமியாவின் எக்ஸ்-22, மிஸ்டர் ஹாபியின் அக்வியஸ் வரிசையில் எச்-30 இரண்டும் இதில் அடக்கம். குப்பியிலேயே தெளிவாக இருக்கும், திறந்தால் ஆஸ்பத்திரி வாசனை வரும். டாமியா குப்பியைப் பார்த்து, பிரஷைத் தண்ணீரில் கழுவலாம் என்கிறார்களே, அப்படியானால் இது முதல் குடும்பம்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. தண்ணீரோடு கலக்கும், உண்மைதான். ஆனால் அதன் வீடு ஆல்கஹாலும் கிளைக்கால் ஈதர் வகைத் திரவங்களும். தண்ணீர் விருந்தாளி மட்டும்.

மூன்றாவது, லேக்கர் குடும்பம். மிஸ்டர் கலர் வரிசையின் சூப்பர் கிளியர், ஜி.எக்ஸ். 100 என்று எண் போட்டது, இதற்கு நல்ல உதாரணம். பிசின் அக்ரிலிக்தான், திரவம் மட்டும் காரமானது. இதைப் புரிந்துகொள்ள நெயில் பாலிஷை நினைத்துக்கொள்ளலாம். அதில் பிசின் வேறென்றாலும் சுபாவம் ஒன்று: காய்ந்து எத்தனை மாதம் ஆனாலும் ரிமூவர் பட்டால் உடனே கரைந்து வரும். லேக்கரும் அப்படியே. முதல் கோட்டின் மேல் இரண்டாவது கோட் விழும்போது அடியிலிருப்பது சற்று இளகி, மேலிருப்பதோடு ஒன்றாகிவிடும். அந்த மினுமினுப்பும் உறுதியும் மற்ற இரண்டுக்கும் வராது. வாசனையும் மற்ற இரண்டுக்கும் வராது என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நிறையப் பேர் விழுந்திருக்கிறார்கள். டாமியா அக்ரிலிக் தின்னரின் எண் எக்ஸ்-20ஏ. இந்த மூன்றிலும் சேராத எனாமல் வர்ணத்தின் தின்னருக்கு எண் எக்ஸ்-20. ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இணையத்தில் ஆர்டர் போடும்போது அந்த 'ஏ' இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். இதைவிடப் பெரிய வேடிக்கை, எக்ஸ்-22 கிளியர் என்ற பெயரிலேயே எனாமலிலும் ஒரு குப்பி உண்டு. எனாமல் எக்ஸ்-22-இல் அக்ரிலிக் தின்னரை விட்டால் கலக்காது, தனியாக நிற்கும். எண்ணை மட்டும் பார்த்து வாங்காமல் குப்பியின் மேல் அக்ரிலிக் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

திரிகிறதா பாருங்கள்

குப்பியில் லேபிள் கிழிந்துவிட்டது, அல்லது எழுத்து முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கிறது. அப்போது என்ன செய்வது? வெள்ளைக் கண்ணாடிக் குப்பி ஒன்றில் வார்னிஷ் ஐந்து சொட்டு, தின்னர் ஐந்து சொட்டு விட்டு, பல்குச்சியால் கலக்கிப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். பொருந்தாவிட்டால் எலுமிச்சை பிழிந்த பால் மாதிரித் திரியும். அல்லது நூல் நூலாக இழுக்கும். சில சமயம் அப்படியே கூழாக இறுகும். தண்ணீர்க் குடும்பத்து வார்னிஷில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றினால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். தண்ணீரில் அந்த உருண்டைகளை விலக்கி வைத்திருக்கும் ஏற்பாட்டை ஆல்கஹால் குலைத்துவிடுகிறது. உருண்டைகள் குப்பிக்குள்ளேயே ஒட்டிக்கொள்கின்றன. இந்தச் சோதனையை ஏர்பிரஷ் கோப்பைக்குள் செய்து பார்ப்பது வீரம் இல்லை. ஊசியை உருவி, முனையைக் கழற்றி, அதற்குள் இறுகிய கூழை நோண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்கப் போகும்.

திரியவில்லை என்பதோடு சோதனை முடியவில்லை. கலந்ததில் ஒரு சொட்டைக் கறுப்பு பிளாஸ்டிக் துண்டின் மேல் தடவி மறுநாள் பாருங்கள். குப்பியில் நல்ல பிள்ளையாக இருந்தது, காய்ந்த பிறகு புகை படிந்த மாதிரி மங்கலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

ஆவியாகும் வேகம்

குடும்பம் தெரிந்துவிட்டது. இனி வேகம். இந்தப் பகுதியைத்தான் பல வழிகாட்டிகள் ஒரே வரியில் தாண்டிப் போகின்றன. நம் ஊரில் வாழ்பவர்களுக்கு இதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

வார்னிஷ் ஏர்பிரஷ் முனையிலிருந்து சிறு சிறு துளிகளாகத்தான் புறப்படுகிறது. மாடலின் மேல் விழுந்த பிறகு அந்தத் துளிகள் பரவி, பக்கத்துத் துளியோடு கை கோத்து, மேடு பள்ளம் இல்லாத ஒரே பரப்பாக ஆக வேண்டும். அதற்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுப்பது தின்னர். அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஏறத்தாழ 82-இல், தண்ணீர் 100-இல், லேக்கர் தின்னர்களில் வரும் பியூட்டைல் அசிட்டேட் 126-இல், சில கிளைக்கால் ஈதர்கள் 170-க்கும் மேலே. கொதிநிலையும் ஆவியாகும் வேகமும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் அந்த வரிசைக்குக் கட்டுப்படாமல், சொன்னதைவிட மெதுவாகத்தான் போகும். ஆனாலும் ஒரு மதிப்பீட்டுக்கு இந்த வரிசை உதவும். வரிசையின் தொடக்கத்தில் இருப்பவை ஓடிவிடும், கடைசியில் இருப்பவை உட்கார்ந்திருக்கும்.

ஓடிவிடும் தின்னரை மட்டும் வைத்துக் கலந்தால் துளிகள் பரவுவதற்குள் இறுகிவிடும். பரப்பு சாத்துக்குடித் தோல் மாதிரி ஆகிவிடும். இன்னும் வேகமானால், துளி காற்றிலேயே காய்ந்து மாடல் மேல் தூளாக விழும். தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். கத்திரி வெயில் காலத்தில் மொட்டை மாடி அறையில் அடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஐப்பசி கார்த்திகையில் வேறு வியாதி. திரவம் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதே குளிர்ச்சி. காற்றில் ஈரம் ததும்பி நிற்கும் நாளில், அந்தக் குளிர்ந்த பரப்பின் மேல் ஈரம் பனித்து, காயாத வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்ளும். கண்ணாடியாக வர வேண்டியது மோர் தெளித்த மாதிரி வெளுத்து நிற்கும். லேக்கரில் இது மிகவும் சகஜம். அடித்த ஐந்து நிமிடத்தில் வெளுத்ததைப் பார்த்து, குப்பி பழசு போலிருக்கிறது என்று புதுக் குப்பி வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் வாங்கியிருக்கிறேன்.

வெயிலுக்கும் மழைக்கும் வியாதி வேறு, மருந்து ஒன்றுதான்: மெதுவாகப் போகும் தின்னர். வெயிலில் துளிக்குப் பரவ நேரம் கிடைக்கிறது. மழையில் பரப்பு அவ்வளவு குளிர்வதில்லை. ஈரம் உள்ளே வந்தாலும் படலம் மூடுவதற்குள் வெளியேற வழி இருக்கிறது. மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் என்று கிடைப்பது, சாதாரண மிஸ்டர் கலர் தின்னரில் காயும் வேகத்தைக் குறைக்கும் பொருளைச் சேர்த்த சரக்கு. டாமியா லேக்கர் தின்னரிலும் அந்தப் பொருளை, அதாவது ரிடார்டரை, சேர்த்த வகை தனியாக உண்டு. இவற்றில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரேப்பிட் தின்னர் என்று விரைந்து காய்வதற்கென்றே விற்பதை நம் ஊர் வெப்பத்தில் கிளியருக்குப் போடாதீர்கள். ஜப்பானிய, ஐரோப்பியக் குளிர்கால அறைகளை மனத்தில் வைத்து எழுதிய கலவைக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் சாத்துக்குடிதான் மிஞ்சும்.

மெதுவான தின்னருக்கும் ஒரு விலை உண்டு. படலம் நெடுநேரம் ஈரமாக இருப்பதால் தூசி வந்து உட்காரும், ஒரே இடத்தில் நின்று அடித்தால் வழியும். அடித்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுங்கள், காற்றுப் போக ஓரத்தில் ஒரு தீக்குச்சி இடைவெளி விட்டு.

அளவும் பழக்கமும்

டாமியா எக்ஸ்-22-க்கு எக்ஸ்-20ஏ தாராளமாகப் போதும். பாதிக்குப் பாதி கலந்து, 0.3 மில்லிமீட்டர் முனையில், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடியுங்கள். முதல் இரண்டு சுற்று பனி விழுந்த மாதிரி மெல்லியதாக. மூன்றாவது சுற்றுதான் ஈரமாக. இந்த ஆல்கஹால் குடும்பத்துக்கு ஒரு ரகசிய உறவு உண்டு: லேக்கர் தின்னரோடும் நன்றாகக் கலக்கும். எக்ஸ்-22-ஐ லெவலிங் தின்னரில் ஒன்றுக்கு ஒன்று, பழகிய கைக்கு ஒன்றுக்கு இரண்டு கலந்து அடித்தால் வரும் வழவழப்பைப் பார்த்த பிறகு நான் எக்ஸ்-20ஏ-யை வர்ணங்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன். எச்-30-க்கும் இதையே செய்யலாம். ஆனால் லேக்கர் தின்னர் சேர்த்த அந்த நொடியில் அது சாதுவான அக்ரிலிக் இல்லை. அடியில் இருப்பதைக் கடிக்கும் பல் அதற்கு முளைத்துவிட்டது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

ஜி.எக்ஸ். 100 கெட்டியாக வரும். லெவலிங் தின்னர் சம அளவிலிருந்து இரு மடங்கு வரை ஏற்கும். பால் எடுத்த காப்பி டம்ளரின் உட்சுவரில் பால் எப்படி வழியுமோ, கோப்பையின் சுவரில் கலவை அப்படி வழிய வேண்டும் என்பது மாடல்காரர்களிடம் புழங்கும் பழைய அளவுகோல். எண்களைவிட அதுதான் எனக்கு உதவியிருக்கிறது.

தண்ணீர்க் குடும்பத்துக்கு அதே கம்பெனியின் ஏர்பிரஷ் தின்னரைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்வதில்லை. அதுவும் பத்தில் ஒன்று, மிஞ்சினால் ஐந்தில் ஒன்று. தண்ணீர்தானே என்று தண்ணீரை ஊற்றுபவர்களுக்கு இரண்டு தொல்லைகள் காத்திருக்கின்றன. உருண்டைகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்துக்கு விலகிவிட்டால் படலம் உறுதியாகச் சேராது. காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால் தோலாக உரியும். அடுத்தது, தாமரை இலைத் தண்ணீர் கதை. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் இழுவிசை சுமார் 22. அதனால்தான் ஆல்கஹால் எங்கும் பரவுகிறது, தண்ணீர் வழவழப்பான வர்ணத்தின் மேல் முத்து முத்தாகத் திரள்கிறது. கம்பெனித் தின்னரில் இந்த இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள் சரியான அளவில் இருக்கும். சிலர் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விடச் சொல்வார்கள். பரவும்தான், கூடவே நுரைக்கும். அந்த நுரை மாடலின் மேல் ஊசிமுனைக் குமிழிகளாகக் காயும். தண்ணீர் சேர்த்தே தீர வேண்டிய நேரத்தில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை எடுங்கள். போர்த் தண்ணீரில் இருக்கும் உப்பு, காய்ந்த கிளியரில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். குழாயடியில் வாளியின் ஓரத்தில் படிகிறதே, அதே உப்பு.

தின்னரே வேண்டாத கிளியரும் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் ஃபியூச்சர் என்றும் பிரிட்டனில் கிளியர் என்றும் விற்ற எஸ்.சி. ஜான்சன் கம்பெனியின் தரை மெருகுத் திரவம். தண்ணீர் மாதிரி ஓடும் அக்ரிலிக். அப்படியே கோப்பையில் ஊற்றி அடிக்கலாம், காக்பிட் கண்ணாடியை அதிலேயே முக்கி எடுக்கலாம். உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய புத்தகங்களில் அதன் பெயரைப் பார்த்தால் தேடி அலைய வேண்டாம்.

மேட் வார்னிஷுக்கு ஒரு எச்சரிக்கை. பளபளப்பைக் கொல்வதற்காக அதில் கலந்திருக்கும் மிக நுண்ணிய தூள் அடியில் படியும். தின்னர் கூடக்கூடப் படிவதும் வேகமாகும். கலந்த பிறகும் கோப்பையை இடையிடையே கிளறவில்லை என்றால் மாடலின் ஒரு பக்கம் மேட், மறுபக்கம் பளபளப்பு. டாமியாவின் எக்ஸ்-21 பார்க்கக் கிளியர் மாதிரி இருந்தாலும் அது வார்னிஷே இல்லை, வர்ணத்திலோ எக்ஸ்-22-இலோ கலப்பதற்கான மேட் தூள் கூழ். தனியாக அடித்தால் மாடல் விபூதி பூசிக்கொள்ளும்.

மருந்துக் கடையும் பெயின்ட் கடையும்

கம்பெனித் தின்னர் விலையைப் பார்த்து மாற்றுத் தேடாதவர் யார்? ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம் என்று போட்டது, எக்ஸ்-22-க்கு வேலை செய்யும். ஆனால் அது மட்டும் போதாது, வேகமாக ஓடிவிடும். ரிடார்டர் சில சொட்டுகள் சேர்த்தால்தான் பரப்பு சமனாகும். என் வீட்டில் அது ஏர்பிரஷ் கழுவத்தான் போகிறது.

கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த சானிடைசரைத் தின்னராக்கப் பார்த்தவர்கள் பலர். உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவையில் ஐசோபுரோப்பைல் 75 சதவீதம் இருக்கிறது என்பது சரி. அதே கலவையில் கை வறளாமல் இருக்க 1.45 சதவீதம் கிளிசரின் சேர்த்திருக்கிறார்கள். கிளிசரின் ஆவியாகாது. வார்னிஷுக்குள் பிசுபிசுப்பாக உட்கார்ந்துகொண்டு, ஒரு மாதம் கழித்தும் விரல் ரேகையைப் பதிய வைக்கும். சர்ஜிகல் ஸ்பிரிட்டிலும் சிலவற்றில் விளக்கெண்ணெய் கலப்பது உண்டு. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டுக் காயவிடுங்கள். ஏதாவது எண்ணெய்த் தடம் மிஞ்சினால் அது தின்னர் இல்லை.

என்.சி. தின்னரைப் பற்றி என் நாட் சாட்சி சொல்லிவிட்டது. டொலுயீன், அசிட்டோன் போன்றவற்றின் கலவை அது. இரண்டுமே பாலிஸ்டைரீனைக் கரைப்பவை. கலவை விகிதமும் தகரத்துக்குத் தகரம் மாறும். கழுவ வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் உலோகப் பாகங்களை மட்டும். டர்பன்டைனும் மினரல் ஸ்பிரிட்டும் நாம் பேசும் மூன்று குடும்பத்துக்கும் தின்னராகப் பயன்படாது. அது ஒரு விதத்தில் வரம்: மினரல் ஸ்பிரிட்டில் கரைத்த எனாமல் அழுக்குக் கழுவல்களைக் காய்ந்த அக்ரிலிக் கிளியரின் மேல் ஓடவிட்டு, வேண்டாத இடத்தில் துடைத்தெடுக்க முடிகிறதே, அது இந்த ஒட்டா உறவினால்தான்.

அடியில் என்ன இருக்கிறது

தின்னர் வார்னிஷுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது. வார்னிஷ் விழப்போகும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். டாமியா அக்ரிலிக் வர்ணத்தை ஆல்கஹால் இளக்கும். ஆகவே அதன் மேல் எக்ஸ்-22-ஐப் பிரஷால் இரண்டு தரம் இழுத்தால் அடி வர்ணம் பிரஷோடு வரும். ஏர்பிரஷில் அடித்தால் வராது, காரணம் இழுபறி இல்லை. டீக்காலின் படலம் லேக்கரில் கரையக்கூடியது. லேக்கர் கிளியரையோ லெவலிங் தின்னர் கலந்த எக்ஸ்-22-ஐயோ அதன் மேல் அடிக்கும்போது தூரத்திலிருந்து பனித்துளியாக இரண்டு மூன்று சுற்று, ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடம் காயவிட்டு, அதன் பிறகே ஈரக் கோட். என் நாட் விமானத்துக்கு இந்தப் பொறுமைகூட உதவியிருக்காது, அதன் தின்னரே தப்பு. ஆனால் சரியான தின்னரிலும் அவசரப்பட்டு வட்டங்களைச் சுருட்டியவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர்க் குடும்பத்து வர்ணத்தின் மேல் லேக்கர் கிளியர் அடிப்பது சில சமயம் தப்பிக்கும், சில சமயம் வெடிப்பு விடும். அந்தச் சூதாட்டத்தை மாடலில் ஆட வேண்டாம்.

காக்பிட் கண்ணாடிக்குக் காரமான தின்னர் எதுவும் கூடாது. தெளிவான பாலிஸ்டைரீன் வர்ணம் அடித்த பிளாஸ்டிக்கைவிட எளிதில் நொறுங்குவது. உள்ளுக்குள் மெல்லிய கீறல்கள் வலைபோல் ஓடிவிட்டால் திருப்ப முடியாது. அங்கே தண்ணீர்க் குடும்பமே கதி.

ஸ்பூன் சோதனை

வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன் ஒரு கட்டு வாங்குங்கள். பின்பக்கப் புடைப்பில் நீங்கள் மாடலுக்கு அடிக்கப்போகும் அதே வர்ணம், கூடவே உதிரி டீக்கால் ஒன்று. ஸ்பூனின் வளைவு விமானத்தின் மூக்குக்கும் காரின் பானெட்டுக்கும் ஏறத்தாழ ஒத்து வரும். தட்டையான அட்டையில் சரியாக வந்தது வளைவில் வழிந்த கதை நிறைய உண்டு. கைப்பிடியில் மார்க்கரால் வார்னிஷ், தின்னர், விகிதம், தேதி, அன்றைய வானிலை எல்லாவற்றையும் எழுதுங்கள். வானிலையை எழுதச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, மே மாதத்தில் அருமையாக வந்த அதே கலவை நவம்பரில் ஏன் வெளுத்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்போது அந்த 'மழை' என்ற ஒரு சொல் கை கொடுக்கும்.

ஒரு நாள் கழித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குழல்விளக்கின் பிம்பம் ஸ்பூனில் கோடாக விழுந்தால் சரி. அலையலையாக உடைந்தால் இன்னும் தின்னர், அல்லது இன்னும் மெதுவான தின்னர். வெளுத்திருந்தால் அதன் மேல் லெவலிங் தின்னரை மட்டும் தனியாக மெல்லிய பனியாக அடித்துப் பாருங்கள். லேக்கரிலும் எக்ஸ்-22-இலும் படலம் மறுபடி இளகி, மாட்டிக்கொண்ட ஈரத்தை வெளியே விடும், பெரும்பாலும் தெளிந்துவிடும். தண்ணீர்க் குடும்பத்தில் இந்த வித்தை பலிக்காது. சாத்துக்குடித் தோலுக்கு 2000 எண் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து மறு கோட். மாடலில் இதைச் செய்யும்போது டீக்கால் ஓரத்தில் கை பதமாக இருக்கட்டும்.

வாசனையும் நெருப்பும்

லேக்கர் தின்னரை முகமூடி இல்லாமல் அடிக்காதீர்கள். துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும். கரிவடிகட்டி உள்ள, கரிம ஆவிக்கென்று விற்கும் முகமூடி வேண்டும். மழைக்காலத்தில் ஈரத்துக்குப் பயந்து ஏ.சி. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பது நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. காற்று வறண்டிருக்கும், உண்மை. ஆனால் சுவர் ஏ.சி. பெரும்பாலும் அதே காற்றைத்தான் சுற்றி விடுகிறது, ஆவியையும் சேர்த்து. வெளியே இழுத்துத் தள்ளும் விசிறி இல்லாமல் அங்கே லேக்கர் கூடாது. ஆல்கஹால் ஆவியும் லேக்கர் ஆவியும் தீப்பற்றுபவை. பக்கத்து அறையில் பூஜை விளக்கு எரிகிறதா, காலடியில் கொசுவர்த்தி புகைகிறதா என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

கழுவும்போது குடும்ப வரிசை ஞாபகம் இருக்கட்டும். தண்ணீர் வார்னிஷ் அடித்த ஏர்பிரஷில் நேராக ஆல்கஹாலையோ லேக்கர் தின்னரையோ விட்டால் மிச்சம் திரிந்து முனையை அடைக்கும். முதலில் தண்ணீர் இரண்டு கோப்பை, பிறகு ஆல்கஹால், கடைசியில் லேக்கர் தின்னர். கழுவிய தின்னரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல் மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் சேர்த்து வையுங்கள். ஒரு வாரத்தில் கசடு அடியில் படியும். மேலே தெளிந்ததை அடுத்த முறை கழுவ எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஜாடியின் மேல் பெரிய எழுத்தில் 'கழுவல்' என்று எழுதி ஒட்டுங்கள். தெளிந்த பிறகு அதற்கும் புதுத் தின்னருக்கும் பார்வையில் வித்தியாசமே இருக்காது.